ஸ்பீக்கருக்குள் ஒரு ஜரிகை

போன சித்திரையில் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு மைக் செட் அண்ணன், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு காட்பாடியில் இருக்கும் என் ரிப்பேர் கடைக்கு வந்தார். அவர் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்துகொண்டிருந்தது. பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. முந்தின ராத்திரி அர்ச்சுனன் தபசு. வேஷக்காரர் கம்பத்தில் ஏறிப் பாட ஆரம்பித்த நேரம் பார்த்து ஒரு பக்கத்துப் பெட்டி விட்டு விட்டுப் பாடியிருக்கிறது. ஓடிப்போய்ப் பெட்டியின் தலையில் ஒரு தட்டு தட்டினால் சத்தம் வரும். அடுத்த அடிக்கு மறுபடி நின்றுவிடும்.

“இன்னா தம்பி, மூணு வாட்டி ஈயம் வச்சி ஒட்டிட்டேன். மூணு வாட்டியும் புட்டுக்குது. காயில் மாத்தணுமா?”

கவிழ்த்துப் பார்த்தேன். ஒயர் மாட்டும் டெர்மினலில் ஈயம் மிளகு அளவுக்கு உருண்டு நின்றது. அந்த மிளகின் விளிம்பை ஒட்டி ஒயர் அறுந்து, நுனியில் கருகிய பஞ்சு மாதிரி நூல் பிரிந்து தொங்கியது. அவர் ஒட்டிய இடம் கல்லு மாதிரி இருந்தது. அதற்குப் பக்கத்தில்தான் போயிருந்தது. ஒவ்வொரு தடவையும் அறுந்த நுனியை இழுத்து இழுத்து ஒட்டியதில் ஒயரும் குட்டையாகிக்கொண்டே வந்திருக்கிறது.

காயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒரு விரற்கடை ஒயர்தான் பிரச்சினை. அது ஏன் அறுந்துபோகிறது, அறாமல் இருக்க ஸ்பீக்கர் செய்பவர்கள் என்ன செய்கிறார்கள், ஒட்டும்போது நாம் எங்கே தப்பு பண்ணுகிறோம் என்பதைத்தான் எழுதப்போகிறேன். ஸ்பீக்கரைத் திறந்தே பார்க்காதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் அடியிலிருந்து வருகிறேன்.

ஒரு பக்கம் ஆடும், ஒரு பக்கம் ஆடாது

ஸ்பீக்கரின் பின்னால் கனமான ஒரு காந்தம் இருக்கிறது. அதன் நடுவில் வட்டமாக ஒரு குறுகிய இடுக்கு. அந்த இடுக்குக்குள் தொட்டும் தொடாமலும் நிற்கிறது வாய்ஸ் காயில்: ஒரு சின்னக் குழல், அதன்மேல் சுற்றிய மெல்லிய எனாமல் கம்பி. ஆம்ப்ளிபயரிலிருந்து கரண்ட் வந்தால் காயில் முன்னால் தள்ளப்படும். கரண்ட் திசை மாறினால் பின்னால் போகும். காயிலோடு ஒட்டியிருக்கும் கூம்பு வடிவக் கோனும் கூடவே போய்வரும். கோன் காற்றைத் தள்ள, காற்று நம் காதைத் தள்ள, அதுதான் சத்தம். காயில் இடுக்கின் சுவரில் உரசாமல் நடுவில் நிறுத்துவதற்கு ஸ்பைடர் என்ற மடிப்புத் துணி இருக்கிறது. கோனின் வெளி விளிம்பிலும் ஒரு நெகிழ்வான வளையம் இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்த வளையத்துக்கு மெல்லிய ஆட்டுத்தோலையும் போட்டிருக்கிறார்கள். தோல் தொழில் நடக்கும் ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இந்தத் தகவல் பிடிக்கும்.

இந்த அமைப்புக்கு வயது நூற்றுக்கு மேல். ஆலிவர் லாட்ஜ் 1898-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார். நாம் இன்று பார்க்கும் வடிவத்துக்கு அடித்தளம் போட்டது அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த ரைஸ், கெல்லாக் என்ற இருவர், 1925-ல். காந்தமும் கோனும் பசையும் எவ்வளவோ மாறிவிட்டன. ஒரு தொல்லை மட்டும் அன்றைக்கு இருந்தது மாதிரியே இன்றைக்கும் இருக்கிறது.

தொல்லை இதுதான். நாம் ஒயர் மாட்டும் டெர்மினல் இரும்புச் சட்டத்தில் இருக்கிறது, அது ஆடாது. கரண்ட் போய்ச் சேர வேண்டிய காயில் ஓயாமல் ஆடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலத்தின் ஒரு கரை நிற்கும், மறு கரை ஓடும். கோனின் பின்பக்கம் பாருங்கள், டெர்மினலிலிருந்து கோனுக்குத் தளர்வாக வளைந்து போகும் இரண்டு பின்னல் ஒயர்கள் தெரியும். அவைதான் அந்தப் பாலம். கடைகளில் லீட் ஒயர் என்போம்.

எத்தனை தடவை வளைகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆண் குரலின் அடிச் சுருதி நொடிக்கு 100 அதிர்வை ஒட்டி இருக்கும். நொடிக்கு 100 என்றால் ஒரு மணி நேரத்துக்கு 3,60,000. ராத்திரி பத்துக்கு ஆரம்பித்து விடிய ஆறு மணி வரை கூத்து; நடுவில் ஒரு நொடிகூட விடாமல் பாடினதாக வைத்துக்கொண்டால் 28,80,000 தடவை. பாதி நேரம் சும்மா இருந்தது என்று கழித்தாலும் பதினாலு லட்சத்துக்கு மேல். ஒரே ராத்திரியில்! துணி காயப்போடும் கம்பியைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் வளைத்தால் சில பத்துத் தடவைக்குள் கையோடு வந்துவிடும். அப்படியானால் இந்த ஒயர் பல வருஷம் தாங்குவதுதான் ஆச்சரியம்.

தடிமன் பலம் என்று நினைப்பது

உலோகம் வளைந்து வளைந்து அறுவதைக் களைப்பு என்று சொல்வார்கள். ஒரு கம்பியை வளைக்கும்போது வெளிப்பக்கம் நீள்கிறது, உள்பக்கம் சுருங்குகிறது, நடுவில் ஒன்றும் ஆவதில்லை. நீளும் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அடுத்த வளைவில் அந்தக் கீறல் ஒரு துளி உள்ளே போகும். இப்படியே போய் ஒருநாள் மறுபக்கம் வந்துவிடும். எஃகுக்கு ஒரு எல்லை உண்டு. வளைவு அந்த அளவுக்குள் இருந்தால் எத்தனை கோடி தடவை வளைத்தாலும் தாங்கும். செம்புக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. ஒவ்வொரு வளைவும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். நம்மால் முடிந்தது ஒவ்வொரு தடவையும் ஏறும் அந்தக் கணக்கைக் குறைப்பது மட்டும்தான்.

எப்படிக் குறைப்பது? இங்கேதான் பலர் நேர் எதிராக யோசிக்கிறோம். “அறுந்துபோகுதா, கொஞ்சம் தடிமனான ஒயர் போடு” என்பதுதான் முதலில் வாயில் வரும். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. வெளிப்பக்கம் எவ்வளவு நீள்கிறது என்பது, கம்பியின் தடிமனில் பாதியை வளைவின் ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். அரை மில்லிமீட்டர் கம்பியை 10 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைத்தால் 0.25-ஐப் பத்தால் வகுக்க வேண்டும், நூற்றுக்கு 2.5 பங்கு நீட்சி. செம்புக்கு இது சித்திரவதை. அதே ஆரத்துக்கு 0.02 மில்லிமீட்டர் தகடை வளைத்தால் நூற்றுக்கு 0.1 பங்குதான். இருபத்தைந்தில் ஒன்று. நீட்சி இப்படிக் குறையும்போது தாங்கும் தடவைகள் அதைவிடப் பல மடங்கு ஏறும்.

ஆக, எவ்வளவுக்கு எவ்வளவு மெல்லிசோ அவ்வளவுக்கு அவ்வளவு நல்லது. ஆனால் 0.02 மில்லிமீட்டர் தகடைத் தனியாகத் தொங்கவிட முடியுமா? ஒரு இழுப்புக்கு வராது. கரண்டும் தாங்காது. 8 ஓம் ஸ்பீக்கரில் 100 வாட் ஓடினால் மூன்றரை ஆம்பியர் போகும். மெல்லிசாகவும் இருக்க வேண்டும், இழுப்பும் தாங்க வேண்டும், கரண்டும் தாங்க வேண்டும்.

இதற்கு விடை ஆரணிப் பட்டில் இருக்கிறது. பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்களுக்கு ஆரணிச் சேலையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அதன் கரையில் மின்னும் ஜரிகையை ஒரு இழை உருவி நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நடுவில் நூல் இருக்கும். அதன்மேல் தட்டையாக நசுக்கிய உலோக இழையை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். அசல் ஜரிகையில் அது வெள்ளி, மேலே தங்க முலாம். இமிடேஷனில் வெள்ளிக்குப் பதில் செம்பு. உலோகம் இருந்தும் சேலை துணி மாதிரி மடிகிறது என்றால் காரணம் இந்தச் சுற்றுதான். இழுப்பை நூல் வாங்கிக்கொள்கிறது. உலோகம் சுருள் வடிவில் இருப்பதால் வளையும்போது ஸ்பிரிங் மாதிரி லேசாக விரிந்து சுருங்குகிறதே தவிர, தகடு நீள்வதில்லை.

ஸ்பீக்கரின் லீட் ஒயர் அச்சாக இதே வேலைப்பாடுதான். பருத்தி நூலோ சூடு தாங்கும் செயற்கை நூலோ நடுவில். அதன்மேல் செம்புத் தகடு சுற்று. இப்படிப் பல இழைகளை முறுக்கியோ பின்னியோ ஒரு ஒயராக்குகிறார்கள். இழைகள் பல என்பதால் கரண்ட் பிரிந்து போகிறது. பழைய கறுப்பு டெலிபோனின் கைப்பிடி ஒயரும் இதே ஜரிகை ஜாதிதான். எத்தனை வருஷம் முறுக்கி முறுக்கிப் பேசியிருப்போம், அசையாமல் இருந்ததே!

ஒருவர் என்னிடம், வீட்டில் பழைய சேலை கிடக்கிறது, அந்த ஜரிகையையே பின்னிப் போட்டால் என்ன என்று கேட்டார். ஆசை நல்ல ஆசைதான். ஒரு இழையில் இருக்கும் உலோகம் ரொம்பக் கொஞ்சம். ஆம்பியர் கணக்கில் கரண்ட் போனால் நூலோடு சேர்ந்து புகையும். சேலையை விட்டுவிடுங்கள்.

எப்போதும் கழுத்தில்தான்

இப்போது அந்த மிளகு அளவு ஈயத்துக்கு வருவோம். இஸ்திரிப் பெட்டி ஒயர் எங்கே போகும்? பெட்டிக்குள் நுழையும் கழுத்தில். சார்ஜர் ஒயர்? பின்னுக்கு அடுத்த கழுத்தில். நடுவில் அறுந்த சார்ஜர் ஒயரை நான் பார்த்ததே அபூர்வம், எலி கடித்ததைத் தவிர. கெட்டியான ஒன்றும் நெகிழ்வான ஒன்றும் சேரும் இடத்தில், வளைவு முழுக்க அந்த ஒரு கோட்டில் வந்து குவியும். கெட்டியான பக்கம் கொஞ்சமும் வளைந்துகொடுக்காது, அதனால் அதற்கு அடுத்த அரை மில்லிமீட்டர் எல்லோருக்குமாகச் சேர்த்து வளைய வேண்டியிருக்கிறது. மேலே போட்ட கணக்கில் ஆரம் திடீரென்று 10-லிருந்து 1-ஆகச் சுருங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

லீட் ஒயருக்கு இப்படி இரண்டு கழுத்துகள். ஒன்று டெர்மினலில் ஒட்டிய இடம், இன்னொன்று கோனிலிருந்து வெளியே வரும் இடம். அறுந்துபோய் வரும் ஸ்பீக்கர்கள் எல்லாம் அநேகமாக இந்த இரண்டில் ஒன்றில்தான்.

ஈயம் இதை எப்படி மோசமாக்குகிறது என்றால், உருகிய ஈயம் வைத்த இடத்தில் நிற்காது. அகல் விளக்கில் எண்ணெய் திரியில் ஏறுகிற மாதிரி இழைகளுக்கு நடுவே ஊறிக்கொண்டு போகும். ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னை எவ்வளவு நேரம் பிடிக்கிறோமோ அவ்வளவு தூரம் ஏறும். ஈயம் குடித்த நீளம் முழுக்க ஒரே கம்பி ஆகிவிடும். உள்ளே இருந்த நூலும் சூட்டில் கருகிவிடும். அதாவது, அந்த ஜரிகை வேலைப்பாட்டை நாமே உருக்கி ஊற்றிக் கம்பியாக்கிவிட்டோம். அண்ணன் செய்தது அதுதான். கெட்டியாக இருக்கட்டும் என்று நிறைய ஈயம் வைத்தார். ஈயம் அரை அங்குலம் ஏறியது. ஏறி நின்ற விளிம்பில் அறுந்தது. அதை வெட்டிவிட்டு மறுபடி ஒட்டினார், மறுபடி ஏறியது. ஒயர் குட்டையாக ஆக, கோன் வெளியே வரும்போது நேராக இழுபடவும் ஆரம்பித்தது.

“அண்ணா, நீங்க ஒட்டின எடம் நல்லாத்தான் இருக்கு. அதான் பிரச்சினையே” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சரி, தொழிற்சாலையில் என்ன செய்கிறார்கள்? முதல் காரியம், ஒட்டும் இடத்தையும் வளையும் இடத்தையும் பிரித்துவிடுகிறார்கள். ஈயம் இருக்கும் பகுதி ஆடாது, ஆடும் பகுதியில் ஈயம் இருக்காது. காயிலின் எனாமல் கம்பியும் லீட் ஒயரும் சேரும் இடத்தைக் கவனித்தால் இது புரியும். காயில் கம்பி மெல்லிசு, நூலும் கிடையாது, ஊஞ்சலாட விட்டால் போய்விடும். அதனால் அது குழலோடும் கோனோடும் ஒட்டிவைத்த நிலையிலேயே மேலே வருகிறது. லீட் ஒயரோடு சேரும் இணைப்பும் கோனின் மேலேயே படுத்துப் பசைக்குள் மூடியிருக்கும். கோன் ஆடும்போது இணைப்பு மொத்தமும் கூடவே ஆடுகிறது, தனக்குள் வளைவதில்லை. ரயிலில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி. இந்தப் பசை எங்காவது பெயர்ந்துவிட்டால் காயில் கம்பி தனியாகத் துடிக்க ஆரம்பித்துச் சீக்கிரமே போய்விடும். கோனின் நடுவில் இருக்கும் கறுப்புப் பசைக் கோட்டைச் சிலர் அழுக்கு என்று சுரண்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

இரண்டாவது, கழுத்தில் கெட்டியிலிருந்து நெகிழ்வுக்குப் போவதை மெதுவாக்குகிறார்கள். இஸ்திரிப் பெட்டிக் கழுத்தில் ஒரு ரப்பர் வால் இருக்கிறதே, அதே தந்திரம். கோனிலிருந்து ஒயர் வெளிவரும் இடத்தில் ரப்பர் மாதிரி நெகிழ்வாகக் காயும் பசையை ஒரு துளி வைப்பார்கள். துளியின் நடுவில் கனம், ஓரத்தில் மெல்லிசு. வளைவு ஒரே கோட்டில் விழாமல் பரவிப்போகும்.

மூன்றாவது ஒயரின் வளைவு. இதில்தான் கைப்பழக்கம் தெரியும். ஒயர் குட்டையாக இருந்தால் கோன் முழுசாக வெளியே வரும்போது விறைத்துக்கொண்டு கழுத்தை இழுக்கும். நீளமாக விட்டால் கோனில் போய் அடித்துச் ‘சட சட’ என்று சத்தம் போடும், பக்கத்து ஒயரையோ இரும்புச் சட்டத்தையோ தொட்டு ஷார்ட் ஆனால் ஆம்ப்ளிபயரும் சேர்ந்து போகலாம். இன்னொரு வினையும் உண்டு. தொங்கும் எந்த ஒயருக்கும் தனக்கென்று ஒரு ஆட்ட வேகம் இருக்கிறது. ஊஞ்சலை அதன் போக்குக்கு ஏற்றபடி தள்ளினால் சின்னத் தள்ளலுக்கே உயரமாகப் போகும் இல்லையா, அப்படி அந்த வேகத்துக்குச் சரியான சுருதி வந்துவிட்டால் கோன் கொஞ்சம்தான் ஆடும், ஒயர் சாட்டை மாதிரி சுழலும். வூஃபர் என்ற பெரிய பேஸ் ஸ்பீக்கர்களில் இதற்குப் பயந்தே ஒயரை ஸ்பைடர் துணியோடு சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். துணி எப்படி ஆடுகிறதோ அப்படித்தான் ஒயரும் ஆட முடியும். பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் ரிப்பேர் செய்பவனுக்கு அது நரகம்.

குழாயும் காதில் வைக்கும் ரிசீவரும்

கோயிலில் கட்டும் குழாய் ஸ்பீக்கரின் பின்னால் மாட்டும் யூனிட்டும் இதே மாதிரி காயில் ஆடுகிற மூவிங் காயில்தான். கோனுக்குப் பதில் உள்ளங்கைக்குள் அடங்கும் டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு. அது ஆடும் தூரம் ரொம்பக் குறைவு என்பதால் பெரும்பாலும் பின்னல் ஒயர் கிடையாது. காயில் கம்பியே வெளியே வரும், அல்லது பாஸ்பர் வெண்கலம் போன்ற ஸ்பிரிங் உலோகத்தில் செய்த மெல்லிய பட்டை வரும். அந்தச் சின்ன ஆட்டத்துக்கு அது போதும்.

ஆனால் குழாய்க்கு ஒரு பலவீனம் உண்டு. குழாயின் அளவைப் பொறுத்து ஒரு சுருதிக்குக் கீழே அதனால் காற்றைப் பிடித்துத் தள்ள முடியாது. அதற்குக் கீழே உள்ள பம்பை, உறுமி அடிகளை அனுப்பினால் டயாபிரத்துக்கு எதிரே காற்றின் தடையே இருக்காது. இருட்டில் கடைசிப் படி இருக்கிறது என்று நினைத்துக் கால் வைப்பது மாதிரி, தடை இல்லாமல் பாய்ந்து அளவுக்கு மீறிப் போகும். சத்தமும் வராது, பட்டைதான் அறும். பேஸ் குமிழை முழுக்கத் திருப்பிவைத்துக் குழாயில் சினிமாப் பாட்டுப் போடுகிறவர்கள் மாசத்துக்கு ஒரு டயாபிரம் வாங்குவது இதனால்தான்.

இதற்குப் பரிகாரம் கைக்காசில் முடிகிற ஒன்று. யூனிட்டோடு தொடராக ஒரு நான்-போலார் (பிளஸ், மைனஸ் பார்க்காமல் மாட்டும்) கெப்பாசிட்டர் போட்டால் கீழ்ச் சுருதிகளைத் தடுத்துவிடும். 16 ஓம் யூனிட்டுக்கு 300 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 300 அதிர்வை, எல்லையாக வைத்தால் 33 மைக்ரோஃபாரட் வருகிறது. 8 ஓம் என்றால் அதில் இரண்டு, ஒன்றுக்கொன்று இணையாக. பேச்சு தெளிவாகவே கேட்கும்.

பெட்டி ஸ்பீக்கருக்கும் இதே விதியின் ஒரு வடிவம் இருக்கிறது. ஒரே அளவு சத்தம் வேண்டும் என்றால், சுருதி பாதியாகும்போது கோன் நாலு மடங்கு தூரம் ஓட வேண்டும். 100 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் ஆடுகிற கோன் 50-ல் நாலு, 25-ல் பதினாறு. லீட் ஒயரைக் கொல்வது வால்யூமைவிட பேஸ்தான்.

ரிசீவர் விஷயம் கொஞ்சம் வேடிக்கை. பழைய டெலிபோன் ரிசீவரில் காயில் அசையாது. அதற்கு எதிரே இருக்கும் இரும்புத் தகடுதான் அதிரும். அதனால் உள்ளே ஒயர் அறுவது என்ற பேச்சே இல்லை. மூவிங் காயில் ரிசீவர் வந்த பிறகு நல்ல சத்தமும் கிடைத்தது, இந்தத் தொல்லையும் கூடவே வந்தது. செல்போனில் காதுப் பக்கம் இருப்பதும், ஹெட்போனுக்குள் இருப்பதும் இந்த வகைதான். அங்கே பின்னல் ஒயருக்கு இடம் ஏது? தலைமுடியைவிட மெல்லிய காயில் கம்பியே டயாபிரத்தின் மேல் ஊர்ந்து ஓரத்துக்கு வந்து டெர்மினலில் ஒட்டிக்கொள்ள வேண்டும். கம்பியை நேராக இழுக்காமல் வில் மாதிரி வளைத்து விடுவது, டயாபிரத்தை விட்டு எழும்பும் இடத்தில் மென்மையான பசை வைப்பது, துடிக்காமல் இருக்கக் கம்பியின் மேலேயே மெலிதாகப் பசை பூசுவது என்று, பெரிய ஸ்பீக்கரில் பார்த்த அதே வித்தைகளைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் செய்கிறார்கள். சிலவற்றில் கம்பியையே ஒழித்துவிட்டு, செம்புத் தடம் பதித்த நெகிழ்வான பிளாஸ்டிக் தாளையே ஸ்பைடராகவும் பாலமாகவும் பயன்படுத்துகிறார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை.

காயிலா, ஒயரா?

விட்டு விட்டுப் பாடும் ஸ்பீக்கர் கையில் இருந்தால் முதலில் மல்டிமீட்டரை ஓமில் வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் டெர்மினலில் 6, 7 என்று காட்டும். இது வழக்கம்தான், பயப்பட வேண்டாம். இப்போது கோனை இரண்டு கை விரல்களாலும் சமமாக, மெதுவாக அழுத்தி விடுங்கள். எண் துள்ளினாலோ காணாமல் போனாலோ பாலத்தில் கோளாறு. ஒரே பக்கம் அழுத்தினால் காயில் உரசும், ஜாக்கிரதை.

ஒன்றுமே காட்டவில்லை என்றாலும் உடனே காயில் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். டெர்மினலை விட்டுவிட்டு, கோனின் மேல் இருக்கும் இரண்டு இணைப்புகளில் மீட்டரின் புரோபை வைத்துப் பாருங்கள். அங்கே 6, 7 வந்தால் காயில் உயிரோடு இருக்கிறது. சத்தம் முழுசாக நின்றுபோய்க் கருகிய வாடையும் அடித்தால் அது வேறு கதை, சூட்டில் எரிந்த காயில். அதற்கு ரீகோனிங், அதாவது காயிலும் கோனும் புதிதாக மாற்றும் செலவு. இது தெரியாமல் நல்ல காயிலைக் குப்பையில் போடச் சொல்லி ரீகோனிங் பணம் வாங்குகிற இடங்களும் இருக்கின்றன. நானே ஒரு காலத்தில் அப்படி ஏமாந்திருக்கிறேன்.

கண்ணை நம்ப வேண்டாம். செம்பு அறுந்த பிறகும் நூல் பிடித்துக்கொண்டே இருக்கும், ஒயர் முழுசாக இருப்பது போலத் தெரியும். தட்டினால் சத்தம் வருவதற்குக் காரணமும் அதுதான். அறுந்த முனைகள் நூலின் தயவில் பக்கத்தில் பக்கத்தில் நின்று தொட்டுத் தொட்டு விலகுகின்றன. இழைகள் ஒவ்வொன்றாக அறும்போது மிச்சம் இருக்கும் இழைகள் முழுக் கரண்டையும் சுமந்து சூடேறுகின்றன. அந்தப் பஞ்சு நுனி கருகியிருந்தது இப்படித்தான்.

அண்ணனின் ஸ்பீக்கருக்கு வருகிறேன். இரண்டு பக்க ஒயரையும் எடுத்துவிட்டேன். ஒன்று அறுந்த வயதில்தான் மற்றதும் இருக்கும். நல்லதாக இருந்த பக்கத்து ஒயரின் நீளத்தை நூல் வைத்து அளந்துகொண்டு புது லீட் ஒயர் இரண்டு துண்டு வெட்டினேன். நுனியில் மூன்று மில்லிமீட்டர் மட்டும் ஈயம் பூச வேண்டும். அதற்கு அடுத்த இடத்தை ட்வீசரால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் சூடும் ஈயமும் அதைத் தாண்டி ஏறாது. இந்த ஒரு பிடிதான் மொத்த வேலையின் உயிர். அயர்னை இரண்டு நொடிக்கு மேல் வைக்கவில்லை. ஈயம் பிடிக்கத் தடவும் பேஸ்டில் அமிலம் கலந்தது வேண்டாம். அந்த நேரத்துக்குச் சுலபமாக ஒட்டும், நாலு மாசத்தில் பச்சைக் களிம்பு பிடித்துத் தகடைத் தின்றுவிடும். ரெசின் போதும். ஒட்டிய பிறகு கழுத்தில் ரப்பர் பசை ஒரு துளி. சூப்பர் க்ளூவைக் கிட்டே கொண்டுவராதீர்கள். அது ஈயத்தைவிட வேகமாகத் திரியில் ஏறும், காய்ந்தால் கண்ணாடி.

அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். “இவ்ளோ கொஞ்சம் ஈயம் வச்சா நிக்குமா?” என்றார். கோனை முழுக்க வெளியே இழுத்துக் காட்டினேன், ஒயர் இன்னும் தளர்வாகவே இருந்தது. உள்ளே அழுத்திக் காட்டினேன், கோனைத் தொடவில்லை. பசை காயும் வரை கவிழ்த்துவைத்துவிட்டு எதிர்க் கடையில் டீ சொன்னேன். வெளியே வெயில் நாற்பதைத் தாண்டிக்கொண்டிருந்தது, பசைக்கு அது நல்லதுதான்.

துரியோதனன் விழும் படுகளத்து அன்றைக்கு நான் போயிருந்தேன். பெட்டி பாடிக்கொண்டுதான் இருந்தது. போன மாசம் அதே ஸ்பீக்கர் திரும்பி வந்தது. இந்தத் தடவை ஸ்பைடர் பசை விட்டிருந்தது, காயில் உரசிக் ‘கர கர’ என்றது. லீட் ஒயர் இரண்டும் அப்படியே இருந்தன. “இதையும் நானே ஒட்டியிருப்பேன் தம்பி, எந்தப் பசைன்னுதான் தெரில” என்றார்.